ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த நிரல்) தரும் மதிப்பை சி ஷார்ப்பில் படித்தால் எப்போதும் −1 வருகிறது. ஏன்?

உங்கள் புரொசீஜரின் தொடக்கத்தில் 'செட் நோகவுன்ட் ஆன்' என்று இருக்கும் என நினைக்கிறேன். புரொசீஜரை இயக்க சி ஷார்ப்பில் அழைக்கும் எக்ஸிக்யூட்நான்கொயரி தருவது, நீங்கள் ரிட்டர்ன் என்று எழுதிய எண்ணை அன்று. எத்தனை வரிசைகள் மாறின என்ற கணக்கையே அது தருகிறது. அந்தக் கணக்கை அனுப்பாதே என்று நோகவுன்ட் தடுத்துவிட்டால் −1தான் வரும். ரிட்டர்ன் மதிப்பு வேண்டுமெனில் தனியாக ஒரு பாராமீட்டரைச் சேர்த்து, அதன் டைரக்‌ஷனை ரிட்டர்ன்வேல்யூ என்று அமைத்துப் படியுங்கள். அதில் முழு எண் மட்டுமே வரும். தொகை, பெயர் போன்றவற்றுக்கு அவுட்புட் பாராமீட்டர்தான் (புரொசீஜர் மதிப்பை நிரப்பித் திருப்பி அனுப்பும் பாராமீட்டர்) வழி. என்வார்ச்சார் என்ற எழுத்து வகை எனில் சைஸையும் குறிப்பிட்டாக வேண்டும்.

உங்கள் புரொசீஜர் வரிசைகளையும் சேர்த்து அனுப்புகிறது எனில், இத்துடன் உங்கள் சிக்கல் தீராது. நான் அடிபட்ட இடம் அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மொத்த அரிசி வியாபாரிக்கு எஸ்கியூஎல் சர்வரில் பில் போடும் மென்பொருள் எழுதினோம். பில்லில் வரும் சரக்குகளை வரிசைகளாகவும், கடைக்காரரின் பழைய பாக்கியை அவுட்புட் பாராமீட்டராகவும் அனுப்பும் புரொசீஜரை என்னுடன் பணிபுரிந்த ஒரு பெண் எழுதியிருந்தார். அதைப் படிக்கும் நிரல் என்னுடையது. மூன்று நாள்கள் எல்லா பில்களிலும் பழைய பாக்கி பூஜ்யம் என்றே அச்சாகி, கடைக்காரர்களும் அன்றைய சரக்குக்கான தொகையை மட்டும் கட்டிவிட்டுச் சென்றனர். கூட்டத்தில் அனைவரும் அந்தப் பெண்ணைத்தான் குற்றம் சொன்னார்கள். எஸ்கியூஎல் சர்வரில் நேரடியாக இயக்கிப் பார்க்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சரியான தொகை வருவதை அவர் இயக்கிக் காட்டியும் யாரும் ஏற்கவில்லை. நானும் பேசாமல் இருந்தேன்.

பிழை என் நிரலில் இருந்தது. சர்வர் முதலில் வரிசைகளை அனுப்பி, அவுட்புட் மதிப்புகளையும் ரிட்டர்ன் மதிப்பையும் கடைசியாகவே அனுப்புகிறது. ஆகவே வரிசைகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் டேட்டாரீடரை மூடிய பிறகுதான் அவை நம் பாராமீட்டரில் வந்து சேரும். நான் ரீடர் திறந்திருக்கும்போதே பாக்கியைப் படித்திருந்தேன். அப்போது அதில் இருந்தது நல், அதாவது மதிப்பே இல்லாத வெறுமை. மதிப்பைத் தசம எண்ணாக மாற்றும் கன்வர்ட் டுடெசிமல், டிபிநல்லை (தரவுத்தளத்திலிருந்து வரும் வெறுமையை) கொடுத்தால் பிழை எழுப்பும். வெறும் நல்லைக் கொடுத்தாலோ ஓசையின்றி 0 தரும். எந்த எச்சரிக்கையும் வராததற்கு அதுவே காரணம். மூடும் வரியைப் பாக்கி படிக்கும் வரிக்கு மேலே நகர்த்தியதும் சரியாகிவிட்டது. அன்று மாலையே, கூட்டத்தில் இருந்த அனைவருக்கும் தவறு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன்.

இந்தக் காலத்தில் யார் நேரடியாக ரீடர் எழுதுகிறார்கள், தரவைப் படிக்கும் வேலையைத் தாமே செய்யும் டாப்பரோ என்டிட்டி ஃபிரேம்வொர்க்கோ போதுமே என்று சிலர் சொல்லலாம். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றின் அடியிலும் இதே ரீடர்தான் ஓடுகிறது, சர்வர் அனுப்பும் வரிசைமுறையும் மாறுவதில்லை. புரொசீஜரே கூடாது என்பவர்களுடன் நான் வாதிட வரவில்லை. ஏற்கெனவே எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று: புரொசீஜர் இரண்டு முடிவுத் தொகுப்புகளை அனுப்பி, இரண்டாவதில் பிழை எழுந்தால், அடுத்த தொகுப்புக்கு நகர்த்தும் நெக்ஸ்ட்ரிசல்ட்டை அழைக்கும்போதுதான் அது உங்கள் நிரலுக்குத் தெரியவரும். முதல் தொகுப்போடு நிறுத்திவிடாமல், நெக்ஸ்ட்ரிசல்ட் ஃபால்ஸ் தரும்வரை படித்துவிட்டு ரீடரை மூடுங்கள். அவுட்புட் மதிப்பை அதன் பிறகு எடுங்கள்.