அம்மாயி பின்னின சுவெட்டரைப் பிரிக்கிறது

கீழ் விளிம்புல இழுக்காதீங்க, கழுத்துப் பக்கம் இருந்து பிரிங்க. மகளுக்குத் தொப்பி பின்ன அம்மாயியோட சுவெட்டரைப் பிரிச்சா வரிசைக்கு வரிசை சிக்குதுன்னு கேட்டிருந்தீங்க, அநேகமா அது கீழருந்து மேல பின்னினது, தொடங்கின பக்கம் லேசுல அவிழாது, முடிச்ச பக்கம்தான் சரசரன்னு வரும்.

முதல்ல தையலைப் பாருங்க, கையையும் பக்கத்தையும் சேர்த்துத் தைச்ச நூலை மட்டும் வெட்டணும், பின்னல்ல கத்தரி படக்கூடாது. வர்ற நூல் சுருள் சுருளா இருக்கும், கதிரை முதுகுல சுத்தி நாலு இடத்துல தளர்வா கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணில நனைச்சுத் தொங்க விடுங்க, நுவரெலியா குளிர்ல காய நாள் எடுக்கும், அவசரப்பட்டு அடுப்புக்கிட்ட வைக்காதீங்க.

சுடுதண்ணில துவைச்சு இறுகிப்போன கம்பளின்னா பிரியாது, அதை அப்படியே வச்சிருங்க.

எங்க அம்மாயி கொழுந்தெடுத்துட்டு வந்து ராத்திரில பின்னினதை நான் பிரிச்சப்போ ஒரு கைப்பட்டியை மட்டும் விட்டு வச்சேன், அவங்க விரல் போட்ட கண்ணி இன்னும் அப்படியே இருக்கு.