தாளை எடுத்துவிடுங்கள், தங்கையே

கேள்வி: மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 9 முதல் 12 வயது வரை 14 பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். ஆண்டு விழாவுக்கு அரசன், புலவர் என்று அரை மணி நேர நாடகம் ஒன்று எழுதினேன். வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள், அர்த்தம் கேட்டால் விழிக்கிறார்கள். கிரியோல் கலக்கக் கூடாது என்கிறார்கள் கோயில் பெரியவர்கள். நான் எழுதுகிற கதைகளும் பிள்ளைகளிடம் ஒட்டவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த ரோமன் எழுத்துத் தாளை எனக்கு நன்றாகவே தெரியும். பிள்ளைகளுக்கு எழுதுவதும் அவர்களை வைத்து நாடகம் போடுவதுமாகவே என் காலம் போயிருக்கிறது, ஆரம்பத்தில் நானும் அந்தத் தாளைத்தான் நம்பினேன். ஒரு வருஷம் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு நீளமான ராஜா வசனம் எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில் கடகடவென்று ஒப்பித்தான். மேடையில் ஒரே ஒரு சொல் தப்பியது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை, ஏனென்றால் அவனுக்கு அது வெறும் சத்தம், பொருள் தெரிந்திருந்தால் வேறு ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுச் சமாளித்திருப்பான். அட்டைக் கிரீடம் நெற்றியில் சரிய, திரைக்குப் பக்கத்தில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவன் தமிழ் வகுப்புக்கு வரவே இல்லை. அந்தக் குற்றம் என்னுடையது, இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

அதனால் முதலில் தாளை எடுத்துவிடுங்கள். அரசனும் புலவரும் இந்த வருஷம் வேண்டாம்.

நாடகத்தில் தமிழ் வர வேண்டுமென்றால், தமிழ் பேசாவிட்டால் காரியம் நடக்காது என்ற ஒரு நிலைமை காட்சிக்குள்ளேயே இருக்க வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு மேசையைக் கதவாக வைத்துக்கொள்வேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்குப் பின்னால் உட்காருவேன், நான்தான் பாட்டி, எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. வெளியே மழை, பிள்ளைகள் உள்ளே வர வேண்டும். தட்டுவார்கள். "யாரு?" என்பேன். "மொவா சா!" என்று, கிரியோலில் 'நான்தான்' என்று, ஒருவன் கத்துவான். "மொவாசாவா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே." சிரிப்பார்கள். அப்புறம் ஒருவருக்கொருவர் குசுகுசுப்பார்கள், பின்னால் நிற்கும் ஒரு சின்னப் பெண் மெதுவாக, "பேத்தி" என்பாள். ஒரே ஒரு சொல். கதவைத் திறப்பேன். அந்தச் சொல்லை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ஆசிரியரே பாத்திரமாக இறங்கும் இந்த வழியை இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்ற ஆசிரியை பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார். நமக்கு ஒரு மேசையும் ஒரு துண்டும் போதும்.

இரண்டு மூன்று வாரம் இப்படி விளையாடவிட்டு, அவர்கள் வாயிலிருந்து வந்ததைக் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து நாடகத்தை எழுதுங்கள். விடுகதையைச் சேர்த்துப் பாருங்கள். நம் தீவில் "சிராந்தான்?" என்று ஒருவர் கேட்க, "சாம்பெக்!" என்று மற்றவர்கள் சொல்ல, விடுகதை போடும் வழக்கம் இருக்கிறதே, நிற்கிற தண்ணீர் எது, கரும்பு, தொங்குகிற தண்ணீர் எது, தேங்காய். அதே தேங்காய்க்குத் தமிழில் "முக்கண்ணன் சந்தைக்குப் போகிறான், அவன் யார்?" பேரன் கிரியோலில் போட, பாட்டி தமிழில் போட, தேங்காயில் இருவரும் சந்திக்கட்டும். இதுவே ஒரு பதினைந்து நிமிட நாடகம், அதற்கு மேல் வேண்டாம்.

பெரியவர்களின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 1998ல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனபோது எப்படிக் கொதித்தோம், அந்த நோட்டைத் திரும்பப் பெறும் வரை ஓயவில்லையே. 2012ல் தொடக்கப் பள்ளியில் கிரியோலும் விருப்பப் பாடமாக வந்தபோது, தமிழுக்கு வரும் பிள்ளைகள் குறைந்துவிடுவார்களோ என்று நானும் கவலைப்பட்டேன். ஆனால் கிரியோல் மேடைக்கு ஆகாத மொழி இல்லை, ஷேக்ஸ்பியரையே அதில் பேசவைத்தார் நம் நாடகாசிரியர் தேவ் விராசாமி. பெரியவர்களோடு வாதாடாமல் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குக் கூப்பிடுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரையே பாட்டியாகவோ தாத்தாவாகவோ உட்காரவையுங்கள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து "பேத்தி" என்ற குரலை ஒரு தடவை கேட்டவர், கிரியோல் கலப்பு பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசமாட்டார்.

கதைகள் விஷயம். நீங்கள் அனுப்பிய மூன்றில் இரண்டு தஞ்சாவூர் வயலில் நடக்கின்றன, மூன்றாவதில் ரோஸ் ஹில் பிள்ளைகள் வீட்டில் சுத்தத் தமிழ் பேசுகிறார்கள். பிள்ளைகள் அதை நம்பமாட்டார்கள், தங்கையே. தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலைக்குப் போகிற ஒரு பையனை எழுதுங்கள். பத்து நாள் விரதம், முதல் தடவை பால் சொம்பு அவன் கையில். நடு வெயில், தார் ரோடு காலைச் சுடுகிறது, படிக்கட்டில் கூட்டம் நகரவில்லை, சொம்புக்குள் பால் திரிந்துவிட்டதோ என்று அவனுக்குப் பயம், ஏனென்றால் முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் அவன் ஒரு தப்பு செய்திருக்கிறான். என்ன தப்பு என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் 14 பேரிடம் கேளுங்கள், 14 தப்பு சொல்வார்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்புகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, வேறு திருத்தம் எதுவும் அப்போது வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை மேசையைப் போட்டுப் பாருங்கள். கதவைத் திறக்க வைத்த முதல் சொல் எது, அதைச் சொன்னது யார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா