ஸைட்லிட்ஸ் பத்தி கேளுங்க: பிரஷ்ய குதிரைப்படை தளபதி ஒருத்தரோட கதை

இன்னிக்கு ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஃபான் ஸைட்லிட்ஸ் பத்தி மட்டும் பேசலாம். 1721ல பிறந்து 1773ல இறந்தவர், பிரஷ்ய (இன்னிக்கு ஜெர்மனி, போலந்து பக்கம் இருந்த ராஜ்ஜியம்) ராஜா ரெண்டாம் ஃப்ரெடரிக்கோட குதிரைப்படை தளபதி. வந்த கேள்விகளை அப்படியே போட்டு கீழயே பதில் எழுதியிருக்கேன். ரொம்ப வருஷமா படிச்சிட்டு வர்ற மனுஷன்றதால சில பதில் நீளமா போயிடுச்சு.

கே: அண்ணா, ஜெர்மன் குதிரைப்படைன்னாலே எல்லாரும் இவர் பேரைத்தான் முதல்ல சொல்றாங்க, அப்படி என்ன பண்ணிட்டார்?

தம்பி, வாளை உருவிட்டு பாய்ஞ்சு போற தைரியம் அந்தக் காலத்துல ஆயிரம் பேருக்கு இருந்துச்சு. இவர்கிட்ட இருந்தது வேற, எப்ப பாயக்கூடாதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. பாய்ஞ்ச படையை திரும்ப ஒண்ணா சேத்து ரெண்டாவது தடவை அடிக்கவும் தெரிஞ்சிருந்துச்சு. குதிரைப்படைல ரொம்ப கஷ்டமான வேலை அதுதான். ஒரு தடவை சார்ஜ் பண்ணிட்டா குதிரையும் வெறி பிடிச்சு ஓடும், ஆளும் கொள்ளையடிக்க துரத்திட்டு போயிடுவான், அதுக்கப்புறம் அந்தப் படை அன்னிக்கு எதுக்கும் உதவாது. கீழ ரோஸ்பாக் சண்டை பத்தின பதில்ல இது உங்களுக்கே புரியும்.

கே: சின்ன வயசு எப்படி? பெரிய பணக்கார குடும்பமா?

பிரபு குடும்பம்தான், ஆனா பெருசா வசதி கிடையாது. ஊர் கால்கார், இன்னிக்கு ஜெர்மனியோட மேற்கு ஓரம், நெதர்லாந்து பக்கம். அப்பாவும் குதிரைப்படை அதிகாரி, பையன் சின்னவனா இருக்கும்போதே இறந்துட்டார். பதின்மூணு பதினாலு வயசுல ஷ்வெட் ஊர் சிற்றரசர்கிட்ட பணிப்பையனா சேந்தார். அந்த சிற்றரசருக்கு குதிரைன்னா வெறி, அடங்காத குதிரை, மான்னு எது மேல வேணா பையனை ஏத்தி விடுவாராம். சுத்திட்டு இருக்கிற காத்தாலையோட ரெண்டு இறக்கைக்கு நடுவுல குதிரையை ஓட்டிட்டு போனார்னு ஒரு கதை இருக்கு, ஜெர்மன்ல ரொம்ப பிரபலம். கதையா எடுத்துக்கோங்க. ஆனா சேணத்து மேலயே வளந்தவர்னு சொன்னா அதுல மிகை இல்ல. 1740ல அதே சிற்றரசரோட கிராசியர் (கனமான குதிரைப்படை) ரெஜிமெண்ட்ல கொடி தூக்குற இளம் அதிகாரியா சேந்தார்.

கே: கிராசியர், டிராகூன், ஹுஸார்னு குழப்பமா இருக்கு சார், சுருக்கமா சொல்லுங்க.

கிராசியர்னா பெரிய குதிரை, நெஞ்சுக்கு இரும்புத் தகடு, நீளமான நேர் வாள், நேரா மோதி உடைக்கிற ஆளுங்க. ஹுஸார்னா சின்ன வேகமான குதிரை, வளைஞ்ச வாள், வேவு பாக்குறது, துரத்துறது, திடீர்னு போய் அடிக்கிறது. டிராகூன் ரெண்டுக்கும் நடுவுல. ஸைட்லிட்ஸ் மூணுலயும் வேலை பாத்தவர்ங்கிறதை கவனிங்க, கிராசியர்ல ஆரம்பிச்சு, ஹுஸார்ல கேப்டன் ஆகி, டிராகூன் ரெஜிமெண்ட்டுக்கு தலைவரா போய், 1753ல திரும்ப கிராசியருக்கே வந்தார். ஹுஸாரோட வேகத்தை கனமான கிராசியர் படைக்குள்ள அவரால கொண்டு வர முடிஞ்சதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

கே: அவர் எதிரிகிட்ட மாட்டிக்கிட்டார்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம்தான். 1742ல சைலீசியா (இன்னிக்கு பெரும்பாலும் போலந்துல இருக்கிற பகுதி) போர்ல ஒரு கிராமத்தை கொஞ்சப் பேரை வச்சுக்கிட்டு காவல் காக்க அனுப்பினாங்க, உதவி வரவே இல்ல, கடைசி வரைக்கும் நின்னு ஆஸ்திரியாக்காரங்ககிட்ட பிடிபட்டார். ராஜா ஒரு ஆஸ்திரிய கேப்டனை விட்டுக்குடுத்து இந்த இளைஞரை மீட்டார். அந்த வயசுல இருக்கிற ஒரு சின்ன அதிகாரிக்கு இது பெரிய மரியாதை. 1745ல ஹோஹென்ஃப்ரீட்பெர்க் சண்டைல சாக்ஸனி தளபதி ஒருத்தரை பிடிச்சுட்டு வந்தார், மேஜர் ஆயிட்டார், அப்ப வயசு 24.

கே: ரோஸ்பாக் பத்தி விரிவா சொல்லுங்க ப்ரோ, அதுக்காகவே காத்துட்டு இருக்கேன்.

சொல்றேன். அதுக்கு முன்னாடி 1757 ஜூன் 18, ஆஸ்திரியாவுக்கு எதிரா கொலின் சண்டை. ராஜா அங்க மோசமா தோத்தார், ஆனா ஸைட்லிட்ஸ் நல்லா சண்டை போட்டதுக்கு மேஜர் ஜெனரல் பதவி கிடைச்சுது. மூத்த தளபதி ட்ஸீட்டன் வாழ்த்து சொன்னப்ப, "என்கிட்ட இன்னும் வேலை வாங்கணும்னா இப்பவே குடுத்தாகணும், எனக்கு 36 வயசாயிடுச்சே"ன்னு பதில் சொன்னாராம்.

இப்ப நவம்பர் 5. இந்தப் பக்கம் பிரஷ்யா சுமார் 22,000 பேர், அந்தப் பக்கம் பிரெஞ்சும் ஜெர்மன் பேரரசுப் படையும் சேந்து 41,000. எதிரிங்க பிரஷ்ய முகாமை சுத்தி வளைச்சு இடது பக்கமா வந்து அடிக்கலாம்னு நீளமா வரிசை கட்டி நடந்துட்டு இருந்தாங்க. மதியம் ரெண்டரை வாக்குல பிரஷ்யாக்காரங்க கூடாரத்தை எல்லாம் மடக்கிட்டு கிளம்புறதைப் பாத்து, பயந்து ஓடுறாங்கன்னு நினைச்சு இன்னும் வேகமா நடந்தாங்க, குதிரைப்படை முன்னாடி, காலாட்படை பின்னாடி. ராஜா தன்னோட மொத்த குதிரைப்படையையும் ஸைட்லிட்ஸ் கைல குடுத்துட்டார், அவரை விட மூத்த தளபதிங்க ரெண்டு பேர் பக்கத்துலயே இருந்தும். ஸைட்லிட்ஸ் அவங்களைப் பாத்து சொன்னது இவ்வளவுதான்: "நான் ராஜாவுக்கு கீழ்ப்படியுறேன், நீங்க எனக்கு கீழ்ப்படிவீங்க."

38 ஸ்குவாட்ரன் (குதிரைப்படைல சின்னப் பிரிவு), சுமாரா 4,000 குதிரை. யானுஸ்னு ஒரு தாழ்வான மேடு, அதுக்குப் பின்னாடி எதிரி கண்ணுல படாம இணையா ஓடி, அவங்களை முந்திப் போய், மேட்டு மேல திடீர்னு வந்து நின்னார். முதல் வரிசைல 20 ஸ்குவாட்ரன், ரெண்டாவதுல 18. புகைச்சிட்டு இருந்த மண் பைப்பை வானத்துல தூக்கி வீசினதுதான் சிக்னல்னு சொல்லுவாங்க. நடந்துட்டு இருந்த எதிரி குதிரைப்படை வரிசை மாத்தி நிக்கிறதுக்குள்ள மேல வந்து விழுந்துட்டாங்க, கொஞ்ச நேரத்துல அது கலைஞ்சு ஓடிடுச்சு.

இங்கதான் நான் முதல்ல சொன்னது. வேற யாரா இருந்தாலும் ஓடுறவனைத் துரத்திட்டு போயிருப்பாங்க. இவர் படையை நிறுத்தி, டாகெவெர்பென் கிராமத்துகிட்ட இருந்த பள்ளத்துல மறைச்சு ஒண்ணு சேத்தார், குதிரை மூச்சு வாங்கட்டும்னு விட்டுட்டு காத்துட்டு இருந்தார். பிரஷ்ய பீரங்கியும் காலாட்படையும் எதிரி காலாட்படையை சுட ஆரம்பிச்சு அவங்க தடுமாறுன அந்த நேரம் பாத்து பக்கவாட்டுல ரெண்டாவது சார்ஜ். அதோட முடிஞ்சுது. மொத்த சண்டையும் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. எதிரி பக்கம் செத்தவங்க, காயம் பட்டவங்க, பிடிபட்டவங்க சேத்து சுமார் 10,000, பிரஷ்யா பக்கம் 550 சொச்சம். பிரஷ்ய காலாட்படைல பெரும்பகுதி துப்பாக்கியே சுடல. ஸைட்லிட்ஸுக்கும் காயம், ஆனா லெஃப்டினன்ட் ஜெனரல் பதவியும் பிரஷ்யாவோட உயர்ந்த விருதான கருங்கழுகு விருதும் கிடைச்சுது.

கே: நம்ம ஊர்ல அப்ப என்ன நடந்துட்டு இருந்துச்சு? ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இது ஏழாண்டுப் போர், அதே போர் இங்கயும் நடந்துச்சு. கொலின் நடந்து அஞ்சாவது நாள், ஜூன் 23, பிளாசி சண்டை. 1760 ஜனவரில வந்தவாசில பிரெஞ்சுக்காரங்க பிரிட்டிஷ்கிட்ட தோத்தாங்க. பிரான்ஸ் ஐரோப்பாவுல பணத்தையும் ஆளையும் கொட்டிட்டு இருந்த நேரத்துலதான் பாண்டிச்சேரிக்கு போதுமான உதவி வரல. ஸைட்லிட்ஸுக்கு இங்க நேரடி சம்பந்தம் ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு கதையையும் ஒண்ணா வச்சுப் படிச்சா நம்ம வரலாறும் இன்னும் நல்லா விளங்கும்.

கே: ராஜா உத்தரவையே மீறினார்னு சொல்றாங்களே?

அது 1758 ஆகஸ்ட் 25, ஸோர்ன்டோர்ஃப், ரஷ்யாவுக்கு எதிரா. பிரஷ்யாவோட இடது பக்கம் காலாட்படை உடைஞ்சுட்டு இருந்துச்சு, ராஜா சார்ஜ் பண்ணுன்னு ஆள் மேல ஆள் அனுப்புறார், ஸைட்லிட்ஸ் நகரல. அவருக்கு முன்னாடி ஒரு ஓடைப் பள்ளத்தாக்கு, தாண்டி போய் சரியா வரிசை கட்டாம மோதினா ரஷ்ய பீரங்கில மொத்தமா போயிடும்னு அவருக்கு தெரியும். உத்தரவை மீறினா தலை போகும்னு சொல்லி அனுப்பினப்ப வந்த பதில்: "சண்டை முடிஞ்சதும் என் தலை ராஜாவோடது, அது வரைக்கும் அவர் சேவைக்காக நானே அதை உபயோகிச்சுக்க அனுமதி குடுக்கணும்." வார்த்தை கொஞ்சம் மாத்தி மாத்தி சொல்லுவாங்க, கருத்து இதுதான். பிறகு அவர் தேர்ந்தெடுத்த நேரத்துல பள்ளத்தைத் தாண்டிப் போய் அடிச்சு படையைக் காப்பாத்தினார், ராஜாவும் அதை ஒத்துக்கிட்டார். ஆனா பயங்கரமான நாள் அது, ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட 30,000 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தாங்க.

கே: தோல்வியே கிடையாதா?

இருக்கு. 1759 ஆகஸ்ட் 12, குனெர்ஸ்டோர்ஃப். குன்று மேல பீரங்கியோட அரண் கட்டி உக்காந்திருந்த ரஷ்யாக்காரங்க மேல குதிரையை விடச் சொன்னாங்க, அது குதிரைப்படை செய்யக்கூடிய வேலையே இல்ல. போனார், பலத்த காயம், படை சிதறிடுச்சு. ஸோர்ன்டோர்ஃப்ல அவரோட கணக்கை நம்பின ராஜா இங்க நம்பலைன்னுதான் எனக்கு தோணுது. அந்தக் காயத்துக்கு அப்புறம் உடம்பு பழைய மாதிரி ஆகவே இல்ல. 1761லதான் முழுசா களத்துக்கு திரும்பினார். குதிரைப்படை ஆளுக்கு காலாட்படை நடத்த தெரியுமான்னு சந்தேகப்பட்டவங்களுக்கு 1762 அக்டோபர் 29 ஃப்ரைபெர்க் சண்டைல ரெண்டையும் நடத்தி பதில் குடுத்தார்.

கே: போருக்கு அப்புறம்? குடும்பம்?

சைலீசியாவுல குதிரைப்படைக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல், 11 ரெஜிமெண்ட் அவர் கண்காணிப்புல. நல்ல இளம் அதிகாரிங்களை ராஜா அங்கதான் பயிற்சிக்கு அனுப்பினார். மைதானத்துல மட்டும் ஓட்டினா போதாது, காடு, பள்ளம், வேலின்னு எல்லாத்துலயும் ஓட்டணும்னு கட்டாயம், அதுல உயிர் போனவங்களும் உண்டு. 1767ல குதிரைப்படை ஜெனரல் பதவி. வீட்டு வாழ்க்கை மட்டும் சரியா அமையல, 1760ல தன்னை விட ரொம்ப சின்னப் பொண்ணைக் கட்டினார், அது முறிஞ்சுது, ரெண்டு பொண்ணுங்க வாழ்க்கையும் விவாகரத்துல போச்சு. ராஜாவோடயும் மனக்கசப்பு. கடைசி நோய்ல படுத்திருந்தப்பதான் ராஜா வந்து பாத்தார், சில வாரம் கழிச்சு 1773 நவம்பர்ல ஓலாவ் ஊர்ல இறந்தார், 52 வயசு. இவ்வளவு சாதிச்சவருக்கு கடைசி காலம் இப்படி ஆச்சேன்னு படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

கே: அடுத்த மாசம் பெர்லின் போறேன் அண்ணா, அவர் சம்பந்தமா பாக்க ஏதாவது இருக்கா?

உண்டர் டென் லிண்டன் தெருவுல ஃப்ரெடரிக்கோட பெரிய குதிரைச் சிலை இருக்கு, அடிப்பீடத்து நாலு மூலைலயும் குதிரை மேல நாலு பேர், அதுல ஒருத்தர் ஸைட்லிட்ஸ், இன்னொருத்தர் ட்ஸீட்டன். தனிச் சிலை 18ஆம் நூற்றாண்டுல டஸார்ட்ங்கிற சிற்பி பளிங்குல செஞ்சது, அது இப்ப போடே மியூசியத்துல. மியூசியத்துக்கு ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க, மத்த பிரஷ்ய தளபதிங்க சிலையும் அங்கயே இருக்கு.