பாஸ்புக் 'லூஸ்' ஆகிவிட்டது, அண்ணாச்சி!

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: பாஸ்புக் தொலைந்துவிட்டது என்று பேங்கில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். 'லூஸ்' என்பதற்கு இரண்டு ஓ போட்டிருந்தேன். கவுன்ட்டரில் சிரித்துவிட்டார்கள். தப்பா அண்ணாச்சி?

தப்புதான். இரண்டு ஓ போட்டால் தொளதொள என்று இருப்பது: சட்டை லூஸ், திருகு லூஸ். நாம் ஆளைத் திட்டுகிற லூசும் அந்தக் குடும்பம்தான். தொலைப்பதற்கு ஒரே ஓ. உச்சரிப்பும் ஒன்றில்லை. தொளதொள லூஸ் பாம்புச் சீறலாக முடியும். தொலைக்கிற லூஸ் வண்டு ரீங்காரமாக, இஸட் ஒலியில் முடியும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதற்குத்தான் கடைசியில் அதிரும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ஸ் என்பதால் நம் காது ஏமாந்துபோகிறது. பேச்சில் 'வாளப்பளம்' என்றாலும் எழுதும்போது ழ போடுகிறோம் அல்லவா, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி அம்மா ஒருவர்: மகன் வாங்கிய முதல் ப்ரைஸை வாட்ஸ்அப்பில் சி போட்டு எழுதிவிட்டேன்.

பையனுக்கு விலை போட்டுவிட்டீர்கள் தாயி! பரிசுக்கு இஸட். அட்வைஸும் இப்படித்தான்: அறிவுரை சி, அறிவுரை சொல்வது எஸ், சொல்லும்போது அதிர்வதும் அதுதான்.

திசையன்விளையிலிருந்து ஒரு மாணவி: 'சாப்பாட்டுக்குப் பின் டெஸர்ட் சாப்பிட்டோம்' என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்.

ஒரு எஸ்ஸை விட்டிருப்பாய். அப்படியானால் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலையே அள்ளித் தின்றதாக ஆகிவிடும்! பாலைவனத்துக்கு ஒரு எஸ், அழுத்தம் முதல் அசையில். இனிப்புக்கு இரண்டு எஸ், அழுத்தம் இரண்டாவதில். இனிப்புச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. பரிமாறியதை மேஜையிலிருந்து எடுத்துவிடுவது என்பது அதன் மூலம். எல்லாம் எடுத்த பிறகு வருவதால் அந்தப் பெயர். கடை வாசலில் நின்றபடி இலையில் சூடாக அல்வா தின்கிற நமக்கு மேஜை ஏது?

வள்ளியூர்க் கடைக்காரர்: போர்டில் ஸ்டேஷனரிக்கு ஏ-யா, இ-யா?

பேப்பர், பேனா விற்றால் இ. என்வலப்பின் முதல் எழுத்து என்று ஞாபகம் வையுங்கள். நகராமல் நிற்பதற்கு ஏ. ஆனால் இரண்டும் ஒரே வேர்தான். ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் நடுவே, ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரைத்தான் இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயரால் அழைத்தார்கள். போர்டில் ஏற்கெனவே ஏ எழுதியாயிற்றா? பெயின்டரைக் கூப்பிடுங்கள், ஒரு எழுத்துதானே.