கண்மாய்ச் சிப்பியின் இனத்தை அறிவது எப்படி?

கேள்வி: கோடையில் நீர் வற்றிய எங்கள் ஊர்க் கண்மாயின் சேற்றில் மூன்று அங்குல நீளமுள்ள, கரும்பழுப்பு நிறச் சிப்பி ஓடுகள் கிடக்கின்றன. அவற்றின் உட்புறம் முத்துப்போல் மினுங்குகிறது. இவை எந்த இனத்தைச் சேர்ந்தவை?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உட்புறத்தில் முத்து மினுக்கம் இருப்பதால், முக்கோண வடிவில் சிறிதாக இருக்கும் கார்பிகுலா மட்டியை முதலிலேயே விலக்கிவிடலாம், அதன் உட்புறம் பீங்கானைப் போன்றது. எஞ்சுபவற்றில் நம் குளங்களிலும் ஆறுகளிலும் பரவலாகக் காணப்படுபவை லாமெல்லிடென்ஸ், பாரேய்சியா என்னும் இரு பேரினங்கள்.

இவற்றைப் பிரித்தறிய, வெளிநிறத்தைவிட இரண்டு ஓடுகளும் இணையும் கீல் பகுதியையே நம்ப வேண்டும். ஏனெனில் நிறமும் வடிவமும் சேற்றின் தன்மை, நீரோட்டம், வயது ஆகியவற்றுக்கேற்ப ஒரே இனத்திற்குள்ளும் பெரிதும் மாறுபடுகின்றன. கீலில் உள்ள பற்கள் மெல்லிய தகடுகள்போல் நீண்டிருந்தால் அது லாமெல்லிடென்ஸ். முகட்டுக்குக் (ஓட்டில் கீலருகே புடைத்திருக்கும் பகுதி) கீழுள்ள பற்கள் தடித்து, வரிவரியாகப் பிளந்திருந்தால் பாரேய்சியா. பாரேய்சியாவின் ஓடு பெரும்பாலும் சிறியது, கனமானது; அதன் முகட்டில் வளைந்து நெளியும் சுருக்கங்கள் இருக்கும்.

நீங்கள் குறிப்பிடும் நீளத்தையும் நிறத்தையும் கொண்டு பார்த்தால், 1819-இல் லமார்க் பெயரிட்ட லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்னும் இனமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஓட்டின் விளிம்பையொட்டி வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று தெரிந்தால் அந்த ஊகம் வலுப்பெறும். ஆனால் அதன் நெருங்கிய உறவான லாமெல்லிடென்ஸ் கோரியானஸும் இதே போன்ற நீர்நிலைகளில் வாழ்கிறது. அதன் ஓடு நீளத்திற்கேற்ற அகலமின்றிச் சற்று ஒடுங்கியிருக்கும் என்றாலும், ஒரே ஓட்டை வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது சரியாகாது. பல வயது ஓடுகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

இதற்குக் காலி ஓடுகளே போதும். உயிருள்ள சிப்பிகளைத் தயவுசெய்து சேற்றிலேயே விட்டுவிடுங்கள். அவற்றின் இளம்பருவம் மீன்களின் செவுள்களிலும் துடுப்புகளிலும் ஒட்டி வளர்ந்தால்தான் அடுத்த தலைமுறை உருவாகும். முதிர்ந்த ஓடுகளில் முகடு அரித்துப்போய்ச் சுருக்கங்கள் அழிந்திருக்கும் என்பதால், ஒப்பிடுவதற்கு இளம் ஓடுகளையும் தேடி எடுங்கள். இரு பாதிகளும் பிரியாமல் கிடைத்தால், கீலை முழுமையாகப் பார்க்க முடியும்.