திராட்சைத் தோட்டமும் பைன் காடும்: கேப் மலைகளில் சைக்கிள் ஓட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் ஸ்டெல்லன்போஷ், எல்ஜின், டோக்காய் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானோர் பாதை எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்றுதான் கேட்கிறார்கள். அது யாருடைய நிலம் என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்கான பதிலைத்தான் நீளமாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கேப் டவுன் போகிறோம். சைக்கிள் ஓட்ட அது நல்ல காலமா?

ஓட்டலாம். ஆனால் அங்கே அப்போது உச்சக் கோடை. 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். போதாக்குறைக்குத் தென்கிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். நகரத்தின் புகையையும் மூட்டத்தையும் அடித்துக்கொண்டு போவதால் ஊரார் அதற்குக் ‘கேப் டாக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலை முகட்டில் சைக்கிளில் போகிறவரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் வலு அதற்கு உண்டு. வெயிலும் காற்றும் கூடிவிட்டால் காட்டுத்தீ பயத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2015 மார்ச்சில் பரவிய தீயில் டோக்காய் காட்டின் பெரும்பகுதி கருகியது. அதனால் அறிவிப்புப் பலகையில் ‘மூடப்பட்டது’ என்று இருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

டிசம்பரில் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் விடியற்காலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் போங்கள். ஃபைன்போஸ் என்ற அந்த மண்ணுக்கே உரிய புதர்க்காடு அப்போது பூத்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களும் அருமையானவை. அறுவடை முடிந்து திராட்சை இலைகள் பழுத்திருக்கும், தரையும் இறுகியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம்.

கேள்வி: மலையில் சைக்கிள் ஓட்டுவதற்கு எதற்குக் கட்டணம்? அந்த நிலமெல்லாம் யாருக்குச் சொந்தம்?

இடத்துக்கு இடம் மாறும். டோக்காய், டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அங்கே சைக்கிள் ஓட்டப் பூங்காவின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஸ்டெல்லன்போஷுக்குப் பின்னால் இருக்கும் யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் இயற்கைக் காப்பகமும் பைன் மரத் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் கதையே வேறு. ஒரே சுற்றுப்பாதை அடுத்தடுத்துப் பல பண்ணைகளின் வழியாகப் போகும். வேலியைத் தாண்டும் இடங்களில் மரப்படிகளும் சிறு பாலங்களும் போட்டிருப்பார்கள். அந்தப் பண்ணைக்காரர்களில் ஒருவர் ‘இனி வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் மொத்தச் சுற்றும் அறுந்துபோகும். நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் மண்வெட்டியும் பலகையும் வாங்குகிறார்கள், மழைநீர் பாதையை அரிக்காமல் வடிகால் வெட்டுகிறார்கள். அந்தக் கட்டணத்தை நான் ஒருபோதும் தண்டமாக நினைத்ததில்லை.

பணம் கட்டியதோடு கடமை முடிந்துவிடாது. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் கடைசி வரை திராட்சை அறுவடை. வெயில் ஏறும் முன் பறித்துவிட வேண்டும் என்பதால் வேலையாட்கள் விடிவதற்குள் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். திராட்சைத் தொட்டிகளை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் அந்தக் குறுகிய மண்சாலையில்தான் வரும். வழியை விட்டு முழுவதுமாக ஒதுங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நில்லுங்கள். கையசைத்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். அந்தச் சாலை அவர்களுடைய வேலையிடம்.

கொடி வரிசைகளுக்குள் புகுந்து படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. தயவுசெய்து வேண்டாம். அங்கே சொட்டுநீர்க் குழாய் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் இருக்கிறது. இலைச்சுருள் வைரஸ் அந்த நாட்டுத் திராட்சை விவசாயிகளைப் பல காலமாக வாட்டுகிறது. அதைக் கொடியிலிருந்து கொடிக்குக் கொண்டுபோவது மாவுப்பூச்சி. எள்ளை விடச் சிறிய அதன் குஞ்சுகள் உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். நோய் பிடித்த கொடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. புதுக்கொடி நட்டால் ஒழுங்கான விளைச்சலுக்கு மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். ஒரு படத்துக்காக இன்னொருவரின் அத்தனை வருட உழைப்பைப் பணயம் வைக்கலாமா?

வழியில் வரும் வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். மூடியிருந்தால் கடந்த பிறகு மூடிவிடுங்கள். கடைசியாக வருகிறவர் மூடுவார் என்று யாரும் போய்விடக் கூடாது.

கேள்வி: வாடகை சைக்கிளில் ஒரே காலையில் மூன்று முறை பஞ்சர். டயர் மோசமா, பாதை மோசமா?

இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் மெல்லத் தடவிப் பார்த்திருந்தால் காரணம் குத்தியிருக்கும். அது நெருஞ்சி முள். நம் ஊர்த் தரிசில் மஞ்சள் பூவோடு தரையில் படரும் அதே செடி, பண்ணைச் சாலை ஓரங்களிலும் வண்டி நிறுத்தும் இடங்களிலும் அங்கே ஏராளம். காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முட்கள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். முதல் முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவே மறுபடியும் குத்தும். உங்களுடைய மூன்று பஞ்சரில் இரண்டாவது இப்படி நடந்திருக்கலாம்.

டியூப் இல்லாத டயர்தான் வழி. வாடகைக்கு எடுக்கும்போதே டியூப்லெஸ்ஸா, உள்ளே சீலண்ட் திரவம் புதிதாக ஊற்றியதா என்று கேளுங்கள். வெப்பத்தில் அது சில மாதங்களிலேயே காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள், திரவம் அலம்பும் ஓசை கேட்க வேண்டும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினால் திரவம் தானே அடைத்துவிடும்.

காற்றையும் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். கல்லுப்போல் அடைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஏற்றம் பயமில்லை. இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு வந்தாலே கை நடுங்குகிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை, வளைவின் நடுவில் முன் பிரேக்கை இறுக்குவதை விட அது ஆயிரம் மடங்கு மேல். கோடையில் அந்தப் பாதைகளின் மேல்பரப்பு, கெட்டித் தரையில் கேழ்வரகு சிந்தியது போல இருக்கும். பொடிக்கல் உருளும், டயருக்குப் பிடிமானம் கிடைக்காது.

வேகத்தை வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள். சீட்டைத் தாழ்த்தி, வெளி ஓரத்தை ஒட்டி அகலமாக நுழையுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க வேண்டும், உங்கள் எடை அதன் மேல். பார்வை முன் சக்கரத்தில் நிற்கக் கூடாது. முகவாயைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், தோளும் இடுப்பும் பின்னாலேயே வரும். சைக்கிளைச் சாய்த்துக்கொள்ளுங்கள், உடம்பை அதை விடக் குறைவாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மிகச் செங்குத்தாக இருந்தால் பின் பிரேக்கை மட்டும் லேசாக, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்குப் பிடிக்கலாம். காலியான மைதானத்தில் இரண்டு கற்களை வைத்து இதையே பழகுங்கள். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் தோன்றும். கடினமான பக்கத்தைத்தான் அதிகம் பழக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கை எந்தப் பிரேக் என்பது கடைக்குக் கடை மாறும். சைக்கிளைக் கையில் வாங்கியவுடன் சமதரையில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: பாம்பு உண்டா?

உண்டு. கேப் நாகமும் பஃப் ஆடர் என்ற விரியனும். நாகம் பெரும்பாலும் விலகிவிடும். விரியன் எளிதில் விலகாது, பழுப்பு இலைச் சருகோடு கலந்து பாதையிலேயே கிடக்கும். எட்ட நின்று, அது போகும்வரை பொறுங்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் கூடாது. ஆளை அசைக்காமல் வைத்து உடனே உதவி அழையுங்கள். இதற்காகவே தனியாகப் போக வேண்டாம் என்கிறேன். டோக்காயில் பபூன் குரங்குகளும் உண்டு. அவற்றின் கண்ணெதிரே சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: பாதி வழியில் தோட்டத்து மது ருசிக்கும் கூடத்தில் நிறுத்தலாமா?

ஓட்டி முடித்த பிறகு தாராளமாக. 1925இல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரால்ட் உருவாக்கிய பினோடாஜ் என்ற கலப்பினத் திராட்சையின் மதுவை அது பிறந்த ஊரிலேயே ருசிப்பது ஒரு பேறு. குடித்துவிட்டு இறக்கத்தில் சைக்கிள் விடுவது கூடவே கூடாது. திரும்பிக் காரோட்டப் போகிறவர் தொடவே வேண்டாம்.

கேள்வி: இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். கேப் எபிக் பந்தயத்தில் சேர ஆசை.

ஆசை நல்லது, அவசரம் வேண்டாம். 2004இல் தொடங்கிய அந்தப் பந்தயம் மார்ச் வெயிலில் எட்டு நாள் நடக்கிறது. இருவர் கொண்ட அணியாகத்தான் சேர முடியும், இருவரும் கடைசிவரை சேர்ந்தே ஓட்ட வேண்டும். கால் வலுவை விடத் துணையின் குணம் முக்கியம். ஐந்தாம் நாள் மதியம் உங்களால் சகித்துக்கொள்ள முடிகிற ஒருவரைத் தேடுங்கள்.

அதற்கு முன் மூன்று நாள் பந்தயமான வைன்ஸ் டு வேல்ஸில் ஓட்டிப் பாருங்கள். சாமர்செட் வெஸ்டின் திராட்சைத் தோட்டத்தில் தொடங்கி, எல்ஜினின் ஆப்பிள் தோட்டங்கள் வழியாகக் கடற்கரைக்குப் போகிறது. நடுவில் கண்டோ கணவாயில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். 1830இல் சர் லௌரி கணவாய்ச் சாலை திறக்கும்வரை மாட்டு வண்டிகள் ஏறிய வழி அது. சக்கரங்கள் அறுத்த தடம் இன்றும் பாறையில் பள்ளமாகத் தெரிகிறது. மூச்சு வாங்கினாலும் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் ஓட்டலாமா?

மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணற்கல் மண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும், சில மணி நேரத்தில் ஓட்டலாம். களிமண் சரிவுகளில் ஒரு டயர் போட்ட தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். அதைச் சீர்செய்ய ஆட்கள் கூடை கூடையாக மண் சுமக்க வேண்டும். காட்டுக்குள் போகும் அகலமான சரளைச் சாலைகளில் மட்டும் அன்று ஓட்டுங்கள். ஒற்றையடிப் பாதையில் இறங்கியதும் டயரில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றத் திணறினால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.