சன்ரூஃப் வேண்டுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

காரின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடியான சன்ரூஃப் பற்றிய கேள்விகள் சில மாதங்களாகக் குவிந்துகொண்டே இருக்கின்றன. டிசையர், எக்ஸ்டர், பஞ்ச், ஆல்ட்ரோஸ் என்று நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார்களிலேயே அது வந்துவிட்டதால் இது இயல்புதான். அந்தக் கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். இன்னும் ஒரு வேரியன்ட் மேலே போனால் சன்ரூஃப் வரும் என்கிறார்கள் ஷோரூமில். மகள் அது இல்லாமல் வேண்டாம் என்கிறாள். பணம் கொஞ்சம் இழுபறிதான். வாங்கலாமா சார்? — திருச்சி

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஷோரூமில் சொல்லும் விலை வித்தியாசம் முழு வித்தியாசம் அல்ல. 2023 நவம்பரில் உயர்ந்த தமிழ்நாட்டு வாழ்நாள் வரி விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை 18 சதவீதம். நீங்கள் பார்க்கும் கீழ் வேரியன்ட் 9.8 லட்சம், மேல் வேரியன்ட் 10.6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையில் வித்தியாசம் 80 ஆயிரம். வரியோ 1,27,400-லிருந்து 1,90,800-க்குப் போய்விடும். ஆக மொத்தம் 1,43,400 ரூபாய் கூடுகிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறுவது தனி. இதைக் கடனில் சேர்த்தால், 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணைக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதம் ஏறக்குறைய 2,076 ரூபாய் கட்ட வேண்டும். நீங்கள் பார்க்கும் கார் இந்தப் பத்து லட்ச எல்லையை ஒட்டி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்து, அந்தப் பணத்துக்கு வேறு என்ன வருகிறது? இரண்டு வேரியன்ட்டுகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆறு ஏர்பேக், கார் சறுக்காமல் நிலைப்படுத்தும் இ.எஸ்.சி., பின்சீட்டுக்கு ஏசி வென்ட், ரிவர்ஸ் கேமரா, பின் கண்ணாடிக்கு வைப்பரும் பனிமூட்டத்தைப் போக்கும் டீஃபாகரும் ஆகியவற்றில் ஏதாவது மேல் வேரியன்ட்டில்தான் இருக்கிறது என்றால், அவற்றுக்காகவே மேலே போகலாம். சன்ரூஃப் கூடவே வரட்டும். சன்ரூஃபும் அலாய் வீலும் மட்டும்தான் கூடுதல் என்றால் கீழேயே நில்லுங்கள். பாதுகாப்பை மேல் வேரியன்ட்டுக்கு ஒதுக்கிவைக்காத கார்களும் உண்டு. ஹூண்டாய் 2023 அக்டோபரிலிருந்து எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் தருகிறது.

திருச்சி வெயிலில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பகலில் அதை யாரும் திறக்கப்போவதில்லை. மழை விட்ட மாலை, மார்கழிக் காலை, பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ ஏறும் நாள் ஆகியவைதான் அதற்கான நேரங்கள். அந்த நேரங்கள் உண்மையிலேயே அழகானவை, அதை நான் மறுக்கவே மாட்டேன். அடிக்கடி மலைப்பக்கம் போகிற குடும்பத்துக்கு அது நல்ல செலவு. டெஸ்ட் டிரைவை நண்பகல் 12 மணிக்குக் கேட்டு வாங்குங்கள். மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, உள்திரையைத் திறந்து வைத்து ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். பிறகு அவளையே சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

சன்ரூஃப் காரைத் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிறுத்துகிறோம். ஐப்பசி மழையில் டிரைவர் பக்கம் கூரைத் துணி நனைந்து, கால்மிதியடிக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் போய்விட்டதா? — வேளச்சேரி, சென்னை

பெரும்பாலும் ரப்பர் குற்றவாளி அல்ல. அந்த ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுக்கும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். பழைய வீட்டு முற்றத்தில் விழும் மழை தூம்பு வழியாக வெளியேறுவதைப் போல, கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் விழும் தண்ணீர் மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்களில் இறங்கி, கதவுத் தூண்களுக்குள் ஓடிக் காருக்கு அடியில் கொட்ட வேண்டும். பொதுவாக முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு குழாய்கள் இருக்கும். வேப்பங்கொழுந்து, பூ, சருகு, தூசி எல்லாம் சேர்ந்து அந்தக் குழாய் வாயை அடைத்தால் தட்டு நிரம்பி, தண்ணீர் கூரைத் துணியிலும் தூண் வழியே தரையிலும் இறங்கும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் முன்பக்கக் குழாய் அடைப்புக்கு அப்படியே பொருந்துகின்றன.

சோதிப்பது எளிது. காரைச் சமதளத்தில் நிறுத்திக் கண்ணாடியை முழுவதும் திறங்கள். மூலையில் தெரியும் ஓட்டை அருகே ஒரு சிறு டம்ளர் தண்ணீரை மெதுவாக விடுங்கள். சில நொடிகளில் காருக்கு அடியில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்ட வேண்டும். தண்ணீர் அப்படியே நின்றால் அடைப்புதான். வழிகிறது, ஆனால் கீழே வரவில்லை என்றால் குழாய் கழன்றிருக்கலாம்.

சைக்கிள் கடைக்காரரிடம் காற்று அடிக்கச் சொல்லாதீர்கள். பலமான காற்றில் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்று, நாளைக்குத் தண்ணீர் நேராகத் தூணுக்குள் கொட்டும். இரும்புக் கம்பியும் வேண்டாம், குழாய் கிழியும். மெல்லிய நைலான் நரம்பை மெதுவாக விட்டு எடுக்கலாம். கைப்பழக்கம் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் 'டிரெய்ன் குழாயைச் சுத்தம் செய்யுங்கள்' என்று ஜாப் கார்டில் தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் செய்வார்கள்.

நனைந்த கார்ப்பெட்டை மேலாகத் துடைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அதன் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் இணைப்புகள் போகின்றன. பல கார்களில் எலக்ட்ரானிக் பெட்டிகளும் அங்கேதான். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, முழுக்கக் காயவைக்கச் சொல்லுங்கள். இனிமேல் புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை அந்தத் தட்டைத் துடைத்துவிடுங்கள். வேப்பமரத்தடி கார் என்றால் மாதம் ஒருமுறை.

கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக இருக்கும் பனோரமிக் சன்ரூஃப் வைத்த எஸ்யூவி பார்த்துவைத்திருக்கிறோம். எங்கள் ஊர் வெயிலுக்கு ஏசி தாங்குமா? ஃபிலிம் ஒட்டலாமா? — கரூர்

ஏசி தாங்கும், ஆனால் குளிர நேரம் எடுக்கும். கேள்வியே உள்திரையைப் பற்றியதுதான். சிறிய சன்ரூஃபில் பெரும்பாலும் கெட்டியான தட்டு இருக்கும், இழுத்துவிட்டால் வெளிச்சமே வராது. பனோரமிக்கில் சுருளும் துணித்திரை. சில கார்களில் அது மெல்லியது, உச்சி வெயிலில் ஒளி ஊடுருவித் தலை சுடும். ஷோரூம் நிழலில் இது தெரியாது. வண்டியை வெளியே எடுத்து, திரையை மூடி, கையை அதன் அடியில் வைத்துப் பாருங்கள்.

ஃபிலிமை நான் சொல்ல மாட்டேன். வெப்பத்தை உறிஞ்சும் மலிவு ஃபிலிம் கண்ணாடியையே கூடுதலாகச் சூடாக்கும், வாரன்டி தகராறும் வரும். கழற்றி மாட்டும் வலைத்திரை போதும். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது சன்ரூஃபின் பின்விளிம்பை மட்டும் தூக்கி, ஜன்னல்களையும் இறக்கி, சிறிது தூரம் ஓட்டுங்கள். மேலே தேங்கிய அனல் வெளியேறிவிடும். பிறகு எல்லாவற்றையும் மூடி ஏசியை உள்சுழற்சியில் போடுங்கள். கரூர் கோடையில் சன்ரூஃபால் கிடைக்கும் உருப்படியான பயன் இதுதான்.

குழந்தைகள் இருவரும் சன்ரூஃபில் தலையை நீட்டி நிற்க ஆசைப்படுகிறார்கள். மெதுவாகத்தானே ஓட்டுகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். நான் பயப்படுவது அதிகமா? — கோயம்புத்தூர்

இல்லை அம்மா. உங்கள் பயம்தான் சரி, தயவுசெய்து அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். நாய் குறுக்கே வந்து அவர் பிரேக்கை மிதித்தால், நிற்கும் பிள்ளையின் வயிறோ நெஞ்சோ கூரை விளிம்பில்தான் போய் அடிக்கும். பெல்ட் இல்லை, பிடிமானம் இல்லை. தாழ்ந்த கிளை, தொங்கும் கேபிள், எங்கிருந்தோ அறுந்து வரும் மாஞ்சா நூல் ஆகியவை நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் கழுத்து உயரத்தில் இருக்கின்றன. கார் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். ஆபத்தாக ஓட்டுவது என்று 184-வது பிரிவில் வழக்குப் போட்டால், முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும். பல கார்களில் கண்ணாடி மூடும்போது எதிர்ப்பட்டதை உணர்ந்து திரும்பும் வசதி உண்டு. அதை நம்பிப் பிள்ளைகள் கையில் ஸ்விட்சைக் கொடுக்க வேண்டாம்.

தோப்பில் நிறுத்தியபோது தேங்காய் விழுந்து சன்ரூஃப் கண்ணாடி நொறுங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? — பொள்ளாச்சி

உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் கிடைக்கும். வெளியிலிருந்து வந்த விபத்துச் சேதம் இது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் கிடைக்காது. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள், தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் சேர்க்கை இருந்தால் அதுவும் இல்லை. 1,500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும். கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே என்பதையும் பாருங்கள். 50 சதவீதம் சேர்த்துவைத்தவர், கண்ணாடியின் விலையையும் அடுத்த ஆண்டு கூடப்போகும் பிரீமியத்தையும் ஒப்பிட்டுவிட்டுக் கிளெய்ம் போடட்டும். சன்ரூஃப் மோட்டார் தானாகப் பழுதானாலோ குழாய் அடைத்துத் தண்ணீர் இறங்கினாலோ பாலிசி கைகொடுக்காது.

பழைய காரின் கூரையை வெட்டி வெளியில் சன்ரூஃப் போட்டுத் தருகிறார்கள். போடலாமா? — மதுரை

கூடாது. கம்பெனியில் சன்ரூஃபோடு வரும் காரில் திறப்பைச் சுற்றி வலுவூட்டிய சட்டம் இருக்கும். உங்கள் காரில் கூரைத் தகடும் குறுக்குச் சட்டமும்தான் கவிழும்போது தலையைக் காப்பவை. தவிர, தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

செகண்ட் ஹேண்டில் சன்ரூஃப் கார் பார்க்கிறேன். எதைக் கவனிக்க? — சேலம்

கூரைத் துணியின் நான்கு மூலைகளிலும் பழுப்புக் கறை. கதவை மூடி வைத்துத் திறந்ததும் வரும் பூஞ்சை வாடை. முன்சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் ஈரம். மூன்றில் ஒன்று இருந்தாலும் விலையைப் பேசாமல் அடுத்த காரைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால், கண்ணாடியை முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். நடுவில் திக்கினாலோ ஒருபக்கம் இழுத்தாலோ கண்ணாடி நகரும் தண்டவாளமோ கேபிளோ தேய்ந்திருக்கிறது.

உயரம் ஆறடி இரண்டு அங்குலம். சன்ரூஃப் வைத்த காரில் தலை இடிக்குமா? — தூத்துக்குடி

இடிக்கலாம். கண்ணாடியும் திரையும் ஒதுங்க இடம் வேண்டும் என்பதால் உட்கூரை சில சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அதே மாடலில் சன்ரூஃப் உள்ளதிலும் இல்லாததிலும் மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள், பின்சீட்டிலும்தான்.

திறந்து ஓட்டினால் காதுக்குள் 'டப் டப்' என்று அழுத்துகிறது. பழுதா? — நாகர்கோவில்

பழுது இல்லை. திறப்பின் மேல் ஓடும் காற்று உள்ளே இருக்கும் காற்றை விட்டு விட்டு அழுத்துவதால் வருவது. பின் ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்குங்கள், உடனே நின்றுவிடும். திறப்பின் முன்விளிம்பில் எழும்பும் வலையோ தடுப்போ முழுவதும் நிமிர்கிறதா என்றும் பாருங்கள், அது மடங்கியே கிடந்தாலும் இந்தச் சத்தம் வரும். நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் மூடிவிடுங்கள்.